உயரத்தில் இருக்கும் பழைய டிவியை இறக்குவது எப்படி? வாசகர் கேள்விகளுக்கு டிவி மெக்கானிக் பதில்கள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயம் வந்தாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் மாறிவிடும். இந்த மாதம் வந்தவற்றில் நிறைய, பிக்சர் டியூப் வைத்த பழைய டிவிகளைப் பற்றியவை. பரணிலும் ஷோகேஸ் மேல் தட்டிலும் சுவர் ஸ்டாண்டிலும் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பெட்டிகளை எப்படி இறக்குவது என்று கேட்கிறார்கள். தஞ்சாவூர் கீழவாசலில் எண்பதுகளின் கடைசியில் கடை போட்ட நாளிலிருந்து இந்தப் பெட்டிகளைத் தூக்கியும் இறக்கியும் பழகியவன் என்கிற முறையில், ஐந்து கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள், அதில் இருப்பது மற்ற எல்லோருக்கும் பொருந்தும்.

கேள்வி: என் மாமனார் 2003-ல் வாங்கிய 29 இன்ச் ஃப்ளாட் டிவி எங்கள் ஹாலில் ஷோகேஸின் மேல் தட்டில் இருக்கிறது. தட்டு ஆறு அடி உயரம். பெயிண்ட் அடிக்க அடுத்த வாரம் ஆள் வருகிறார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகன், "நீயும் நானும் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு இறக்கிடலாம்மா" என்கிறான். இறக்கலாமா? கைதவறி விழுந்தால் டியூப் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?
*– வாசகி, பாளையங்கோட்டை*

பதில்: வேண்டாம் அம்மா. ஸ்டூல் போட்டு இறக்கவே கூடாது. தம்பியின் தைரியத்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெட்டியின் எடை அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது சுவரில் மாட்டும் எல்.இ.டி. டிவியை ஒரு ஆள் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகலாம். உங்கள் 29 இன்ச் ஃப்ளாட் டியூப் டிவி சாதாரணமாக 45 கிலோவிலிருந்து 50 கிலோ வரும். ஒரு சிமெண்ட் மூட்டையின் எடை. சிமெண்ட் மூட்டைக்காவது பிடிக்க இடம் உண்டு.

எடையைவிடப் பெரிய சிக்கல், அது எங்கே இருக்கிறது என்பது. டிவியைப் பார்த்தால் பின்பக்கம்தான் பெரிதாகப் புடைத்துக்கொண்டிருக்கும். அதனால் பாரம் பின்னால் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பின்பக்கம் பெரும்பாலும் காற்றுதான். ஒரு சர்க்யூட் போர்டு, டியூபின் மெல்லிய கழுத்து, அவ்வளவே. பாரம் முழுக்க முன்னால், திரைக் கண்ணாடியில் இருக்கிறது. டியூபுக்குள் வெற்றிடம். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்கு அழுத்துகிறது. 29 இன்ச் திரைக்குக் கணக்குப் போட்டால் முகத்தில் மட்டும் இரண்டு டன்னுக்கு மேல். அதைத் தாங்கத்தான் அந்தக் கண்ணாடியை அவ்வளவு தடிமனாக வார்த்தார்கள். ஃப்ளாட் டியூபில் வளைவு தரும் பலம் குறைவு என்பதால் கண்ணாடி இன்னும் தடிமன்.

இதனால் என்ன ஆகும்? தட்டிலிருந்து டிவியை முன்னால் இழுக்கிறீர்கள். பெட்டியின் பாதிக்கு மேல் இன்னும் தட்டில்தானே இருக்கிறது என்று தைரியமாக இழுப்பீர்கள். மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்ததுமே அது தலைகுப்புறச் சாயத் தொடங்கும். சாயத் தொடங்கினால் ஸ்டூலில் நிற்பவரால் நிறுத்த முடியாது, அவரும் சேர்ந்து வருவார். ஆகவே அடியில் கை போகிற அளவுக்கு மட்டும் இழுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இனி இறக்கும் முறை. ஒரே மூச்சில் தரைக்குக் கொண்டுவரக் கூடாது. நடுவில் ஒரு தங்கல் வேண்டும். தட்டிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து தரைக்கு என்று இரண்டு நிலை.

பெயிண்டர்கள் எப்படியும் சாரம் கொண்டுவருவார்கள். அவர்கள் சுவரில் கை வைப்பதற்கு முன்னால், முதல் வேலையாக ஷோகேஸை ஒட்டி இரண்டடி உயரத்தில் இரும்புச் சாரத்தைப் போட்டு, மேலே பலகைகளை நெருக்கமாக அடுக்கி, பலகை நகராமல் கட்டச் சொல்லுங்கள். இரண்டு ஆள் நின்று, நடுவில் டிவியையும் வைக்கிற அளவுக்கு அகலம் வேண்டும். சாரம் இல்லையென்றால் அந்தக் காலத்துத் தேக்கு மேஜை அல்லது கனமான மரக்கட்டில் போதும். ஆனால் இரண்டு ஆளும் டிவியும் சேர்ந்து 200 கிலோவை நெருங்கும் என்பதை மறக்காதீர்கள். கண்ணாடி வைத்த டைனிங் டேபிள், பிளைவுட் மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் ஆகாது. பிளாஸ்டிக் நாற்காலியை எல்லோரும் நம்புகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வீட்டில், நான் போய்ச் சேர்வதற்குள் அவசரப்பட்டு வீட்டுக்காரரின் மைத்துனர் நாற்காலி மேல் ஏறியிருந்தார். டிவியைக் கையில் வாங்கிய நொடியில் நாற்காலியின் பின்கால் இரண்டும் டைல்ஸ் தரையில் விரிந்துகொண்டு போனதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்தேன். மணிக்கட்டு முறிந்தது. டிவி அவருக்குப் பக்கத்தில் விழுந்ததால் பிழைத்தார்.

இரண்டடி மேடையில் நின்றால் ஆறடித் தட்டு உங்கள் நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிடும். அதுதான் நமக்கு வேண்டிய உயரம். தலைக்கு மேலே கையை நீட்டிப் பாரம் வாங்கும்போது கையில் பாதி பலம்கூட இருக்காது.

ஏறுவதற்கு முன் ஃபேனை அணையுங்கள். அணைத்து, சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். மேடையில் நிற்பவரின் தலை எட்டடிக்குப் போகும், ஃபேன் இறக்கை அதற்குக் கொஞ்சம் மேலேதான் சுற்றும். வியர்க்கிறதே என்று யாராவது நல்லெண்ணத்தில் போட்டுவிடுவார்கள். பிறகு டிவியின் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேபிள் வயர், மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏ.வி. பின்கள் எல்லாவற்றையும் கழற்றி, சுவரில் ஆணி அடித்து ஓட்டியிருக்கும் வயர் எதுவும் பின்னால் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பவர் கார்டைச் சுருட்டி பெட்டியோடு சேர்த்து டேப் ஒட்டுங்கள். தொங்கும் வயரை ஒருவர் மிதித்தால் அடுத்தவர் கையிலிருந்து டிவி போகும். டிவியின் தலையில் இருக்கும் செட்டாப் பாக்ஸ், பொம்மை, பூ ஜாடி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

அப்புறம் பல்லி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொல்கிறேன். சூடு தேடிப் பல்லியும் கரப்பானும் பெட்டிக்குள் குடியிருக்கும், பின்மூடித் துளைகளில் குளவி கூடு கட்டியிருக்கும். தூக்கும் நேரத்தில் பல்லி கைமேல் ஓடினால் எப்பேர்ப்பட்டவரும் கையை உதறுவார். முதல் நாளே பெட்டியின் மேலும் பின்னாலும் ஒரு குச்சியால் தட்டி, தூசி தட்டி, வருவதையெல்லாம் வரவிட்டுவிடுங்கள்.

தூக்குவதற்குக் குறைந்தது மூன்று பெரிய ஆட்கள். மேடையில் இருவர், தரையில் ஒருவர். தரையில் இருப்பவர் சாரத்தின் காலைப் பக்கவாட்டில் நின்று பிடித்துக்கொள்ளட்டும். டிவி விழக்கூடிய இடத்துக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. அவர்தான் வாய்விட்டு எண்ண வேண்டும், மற்ற இருவரும் பேச வேண்டாம். ஆளாளுக்குக் குரல் கொடுத்தால் ஒருவர் தூக்குவார், ஒருவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். லுங்கி, வேட்டி வேண்டாம், பேன்ட் போடுங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவித் துடையுங்கள். உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த பருத்திக் கையுறை ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், நல்ல பிடிப்பு.

இத்தனை வருஷம் ஒரே இடத்தில் இருந்த டிவியின் ரப்பர் கால் சன்மைக்காவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் திடீரென விட்டு, ஆளோடு பின்னால் போகும். திரையின் மேல்விளிம்பில் கை வைத்து, டிவியைப் பின்பக்கமாக லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். முன்கால் இரண்டும் விடுபடும். அந்த இடைவெளியில் பழைய ஜமுக்காளத்தை மடித்துச் செருகுங்கள். இனி அது சுலபமாக நகரும்.

டிவியின் இரண்டு பக்கத்திலும் கைப்பிடி மாதிரி ஒரு குழி இருக்கும். அதை நம்பாதீர்கள். இருபது வருஷச் சூட்டில் பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்கும் நிலையில் இருக்கும். அடித்தட்டில் கை கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். இருவரும் எதிரெதிரே நின்று, ஒரு கை முன்மூலையின் அடியில், ஒரு கை பின்மூலையின் அடியில். பாரத்தில் பெரும்பங்கு முன்கைக்கு வரும். ஹாலில் நின்று திரையைப் பார்த்தால் இடப்பக்கம் நிற்பவருக்கு வலக்கையும், வலப்பக்கம் நிற்பவருக்கு இடக்கையும் முன்னால் அமையும். அதனால் இடக்கைப் பழக்கம் உள்ளவரோ, இருவரில் பலசாலியோ வலப்பக்கம் நிற்கட்டும். கடையில் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தந்தது இதைத்தான்.

எண்ணி முடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி, தட்டை விட்டு வெளியே கொண்டுவந்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குந்தி, பலகை மேல் இறக்குங்கள். இறக்கும் இடத்தில் முன்கூட்டியே ஒரு அங்குல ரீப்பர் கட்டை இரண்டைப் படுக்க வைத்திருங்கள். அதன் மேல் டிவி உட்கார்ந்தால் விரலை உருவிக்கொள்ள இடம் இருக்கும். இல்லையென்றால் 50 கிலோவுக்கும் பலகைக்கும் நடுவே விரல் மாட்டும். வைத்த பிறகு நிஜமாகவே ஐந்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். கை நடுக்கம் நின்ற பிறகு தரையில் இறங்கி நின்று, அதே பிடியில் பலகையிலிருந்து தரைக்கு. அங்கே திரை சுவரைப் பார்க்க வைத்துவிடுங்கள்.

தற்காலிகமாக ஸ்டூல் மேலோ டீப்பாய் மேலோ வைக்காதீர்கள். பெயிண்ட் வேலை முடிகிறவரை வீட்டில் சின்னக் குழந்தைகள் வந்துபோனால், முன்பாரமுள்ள டிவி தாழ்வான ஸ்டூலில் இருப்பதைவிட ஆபத்து வேறில்லை. பிடித்து ஏறினால் குழந்தையின் மேலேயே கவிழும். உலகம் முழுக்க இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். தரைதான் அதற்குப் பத்திரமான இடம்.

வெடிக்குமா என்று கேட்டீர்கள். டியூப் உடைந்தால் காற்று உள்ளே பாய்வதால் கண்ணாடி முதலில் உள்நோக்கி நொறுங்கி, பிறகு சிதறும். அதைத் தடுக்கத்தான் திரையைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதனால் வீட்டு டிவியின் முன்முகம் அவ்வளவு சீக்கிரம் உடையாது. சீக்கிரம் உடைவது கழுத்து. பெருவிரல் பருமன்தான் இருக்கும், பின்மூடியின் புடைப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் சுவரில் மோதினால் அது விரிசல் விட்டு, 'உஸ்' என்று காற்று உள்ளே போய் டியூப் செத்துப்போகும். பெரும்பாலும் அதோடு முடியும். ஆனாலும் தூக்குபவர்கள் கண்ணாடி அணிந்திருந்தால் நல்லது, முழுக்கால் பேன்ட் நல்லது.

ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா, இதைத் தம்பியிடம் நீங்களே படித்துக் காட்டுங்கள். கைநழுவுகிறது என்று தெரிந்தால் விட்டுவிட வேண்டும். எட்டிப் பிடிக்கக் கூடாது, காலைக் கொடுத்துத் தடுக்கக் கூடாது. "விடு" என்று கத்திவிட்டு இரண்டு பேரும் விலகிவிட வேண்டும். தாத்தா வாங்கிய டிவி என்கிற பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த டிவிக்காக ஒரு விரல்கூடப் போகக் கூடாது. இடுப்பு வலி, குடலிறக்கம் உள்ளவர்கள், இதய ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள் பக்கத்திலேயே வர வேண்டாம். தெருமுனையில் இரண்டு லோடுமேன்களைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை. கூலி கொடுத்து முடித்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

கேள்வி: பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். எட்டடி உயரத்தில் சுவரில் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்ட் அடித்து 21 இன்ச் டிவி வைத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு ஸ்டாண்ட் கொஞ்சம் முன்னால் தொங்குகிறது. டிவியோடு சேர்த்து ஸ்டாண்டைக் கழற்றி இறக்கிவிடலாமா?
*– வாசகர், வத்தலக்குண்டு*

பதில்: அண்ணே, இதைப் படித்ததும் அந்த ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் பெஞ்சை முதலில் நகர்த்துங்கள். இறக்குவது நாளைக்குக்கூட இருக்கட்டும். அடியில் ஆள் உட்காருவது இன்றே நிற்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஸ்டாண்ட் அடித்தவர்கள் பலர் சுவரில் ஓட்டை போட்டு மரக்கட்டையை அடித்து, அதில்தான் ஸ்க்ரூவை முடுக்கினார்கள். சுவர் ஈரம் குடிக்கும்போது கட்டை ஊறி, காயும்போது சுருங்கி, பிடி தளர்ந்துவிடும். மேல்போல்ட் வெளியே வரத் தொடங்கினால்தான் ஸ்டாண்ட் முன்னால் தொங்கும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். 21 இன்ச் டிவி 20 முதல் 25 கிலோ. அதுவும் முன்பாரம். முழு இழுப்பும் அந்த மேல்போல்டில்தான்.

சேர்த்துக் கழற்றவே கூடாது. டிவி முதலில், ஸ்டாண்ட் பிறகு. டிவியைத் தொடுவதற்கு முன் ஒரு நல்ல சவுக்குக் கம்பை அளவாக வெட்டி, ஸ்டாண்டின் முன்விளிம்புக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். தரையில் கம்பு வழுக்காமல் அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்து ஆணி அடியுங்கள். ஏனென்றால் டிவியைத் தூக்க முயலும் அந்த நொடியில் எல்லோரும் தன்னையறியாமல் ஸ்டாண்டில் கையை ஊன்றுவார்கள், அதைத் தாங்க முடியாமல்தான் ஸ்டாண்ட் பெயரும். பல ஸ்டாண்டுகளில் டிவி முன்னால் வராமல் இருக்க ஒரு இரும்புப் பட்டை போல்ட் போட்டிருக்கும். முட்டுக் கொடுத்து, ஒருவர் டிவியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும்.

நிற்பதற்கு நான் மேலே சொன்ன சாரமேதான், இங்கே நாலடி உயரத்தில். நாலடிக்குப் போகும்போது பின்பக்கம் சாய்ந்து விழாமல் ஒரு குறுக்குக் கம்பி கட்டச் சொல்லுங்கள். சாய்த்து வைக்கும் ஏணியில் ஏறி இறக்காதீர்கள். ஏணியில் நிற்கிறவருக்கு ஒரு கை ஏணிக்குச் சொந்தம், டிவிக்கு ஒரு கைதான் மிஞ்சும்.

இரவு கடை அடைத்த பிறகு செய்யுங்கள். பாய்லர் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கேஸ் சிலிண்டர் மூடியிருக்க வேண்டும், தரையில் கழுவிய தண்ணீரும் டீ டிகாஷனும் காய்ந்திருக்க வேண்டும். டீக்கடைத் தரையின் எண்ணெய்ப் பசையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புது ஸ்டாண்ட் அடிக்கும்போது மரக்கட்டை வேண்டாம், இரும்பு ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். சுவரின் பூச்சு உதிரும் பழைய கட்டடமாக இருந்தால் எந்த போல்ட்டும் நிற்காது, வேறு சுவர் பாருங்கள்.

கேள்வி: அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. சின்ன டிவிதானே, நான் ஒருத்தனே சாக்கில் போட்டுக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு இறக்கிவிடலாமா? வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.
*– வாசகர், விழுப்புரம்*

பதில்: தம்பி, 2006 தேர்தலில் அறிவித்து அந்த ஆண்டிலிருந்தே கொடுக்கத் தொடங்கிய டிவி அது. எத்தனையோ வீடுகளில் முதல் டிவி அதுதான், அதனாலேயே தூக்கிப்போட மனம் வராமல் பரணுக்குப் போயிருக்கிறது. எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. தரையிலிருந்து தூக்க ஒரு ஆள் போதும். பரணிலிருந்து இறக்க ஒரு ஆள் போதாது.

கயிறு யோசனையை விட்டுவிடுங்கள். முன்பாரம் என்பதால் சாக்குக்குள்ளேயே டிவி புரண்டு, முடிச்சு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பரண் விளிம்பில் உராய்ந்து கயிறு உங்கள் கையை அறுக்கும். பாதியில் சுழன்று பின்பக்கத்தால் சுவரில் இடித்தால் டியூபின் கழுத்து போய்விடும்.

பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடுங்கள். அம்மா வேண்டாம். பரண் பெரும்பாலும் ஜன்னல் மட்டத்துக்கு மேலே, ஏழடியில் இருக்கும். நல்ல மர மேஜை இரண்டரை அடி. அதில் நீங்கள் ஏறி நின்றால் பரண் விளிம்பு நெஞ்சுக்கு வரும். டிவிக்கு முன்னால் கிடக்கும் அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, பழைய புத்தகக் கட்டு எல்லாவற்றையும் முதலில் இறக்கி வழி பண்ணுங்கள். அவற்றின் மேலாக டிவியைத் தூக்கிக் கொண்டுவர முயலாதீர்கள். பிறகு டிவியை மெல்லத் திருப்பி, திரை உங்களைப் பார்க்க வையுங்கள். நிறைகுடத்தை இடுப்போடு அணைப்பதுபோல் திரையை நெஞ்சோடு அணைத்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்து எடுங்கள். பாரம் உடம்போடு ஒட்டியிருந்தால் பத்துக் கிலோ பத்துக் கிலோவாகவே இருக்கும், கை நீட்டினால் இருபதாகத் தெரியும். அப்படியே குந்தி மேஜை மேல் வையுங்கள். கையில் டிவியோடு மேஜையிலிருந்து இறங்கக் கூடாது. வைத்துவிட்டு நீங்கள் இறங்குங்கள், அண்ணன் அதுவரை டிவியைப் பிடித்துக்கொள்ளட்டும், பிறகு தரைக்கு.

பரணில் கிடந்த டிவியில் எலி புழுக்கையும் தூசியும் நிறைய இருக்கும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இறக்கியதும் ஆசைப்பட்டு உடனே பிளக்கைச் செருகாதீர்கள். எலி வயரைக் கடித்திருக்கலாம், ஈரம் ஏறியிருக்கலாம். ஒரு மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு போடலாம்.

கேள்வி: 25 இன்ச் டிவியை மாடியறையிலிருந்து பத்திரமாக இறக்கி, ஹாலில் வேறு சுவர்ப் பக்கம் வைத்தோம். படம் வருகிறது. ஆனால் ஒரு மூலையில் பச்சையாகவும் இன்னொரு மூலையில் ஊதாவாகவும் திட்டு. இறக்கும்போது டியூப் அடிபட்டுவிட்டதா?
*– வாசகி, காரைக்குடி*

பதில்: அடிபடவில்லை, பயப்படாதீர்கள். டியூபுக்குள் திரையை ஒட்டி, பொடிப்பொடி ஓட்டைகள் போட்ட ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. டிவியை வேறு திசையில் திருப்பி வைத்தால், பூமியின் காந்தப்புலம் அதன் மேல் விழும் கோணம் மாறி, தகட்டில் லேசாகக் காந்தம் ஏறிவிடும். அதனால் எலக்ட்ரான் கதிர்கள் கொஞ்சம் விலகிப் பக்கத்து நிறத்தில் விழுகின்றன. இதைச் சரிசெய்ய டிவிக்குள்ளேயே டீகாஸிங் காயில் உண்டு. மெயின் சுவிட்சைப் போட்டதும் 'டும்' என்று ஒரு சத்தம் வருமே, அது அந்தக் காயில் வேலை செய்யும் சத்தம். அதன் கூட இருக்கும் ஒரு உதிரிபாகம் ஆறினால்தான் காயில் மறுபடி முழு பலத்தோடு வேலை செய்யும். ஆகவே ரிமோட்டில் அணைக்காமல், மெயின் சுவிட்சையே அணைத்து அரை மணி நேரம் விட்டுப் போடுங்கள். இப்படி நாலைந்து முறை செய்தால் திட்டு மறையும்.

மறையவில்லை என்றால் பக்கத்தில் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், மூன்றடி தள்ளி வையுங்கள். அப்படியும் போகாவிட்டால் மெக்கானிக்கிடம் கையில் பிடிக்கும் டீகாஸிங் காயில் இருக்கும், ஐந்து நிமிட வேலை. காந்தத்தை எடுத்துத் திரையில் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நிரந்தரமாகக் கெடும்.

கேள்வி: இறக்கியாயிற்று. இனி வேண்டாம். பழைய இரும்புக்கடைக்காரர் டியூபை உடைத்து, உள்ளே இருப்பதைத் தனியாக எடுத்துக் கொடுத்தால் கூடப் பணம் தருகிறேன் என்கிறார். நானே பின்மூடியைத் திறந்து எடுக்கலாமா?
*– வாசகர், பெரம்பூர்*

பதில்: திறக்காதீர்கள் ஐயா. டியூபுக்கு எல்.ஓ.டி. என்கிற உயர் வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போகும் அந்தத் தடித்த சிவப்பு வயரில் கலர் டிவியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பெரிய டிவியில் 25,000-ஐத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்களுக்கு அடிக்கும் ஷாக்கைவிட, அந்த அதிர்ச்சியில் கை எங்கே போய் இடிக்கிறது, என்ன உடைகிறது என்பதுதான் பெரும்பாலும் காயத்தைத் தரும். முறையாக டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர் மட்டும் கை வைக்க வேண்டிய இடம்.

இரும்புக்கடைக்காரர் கேட்பது டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் என்கிற பாகத்தில் சுற்றியிருக்கும் செம்பும், டீகாஸிங் காயிலின் கம்பியும்தான். அதற்காக டியூபின் கழுத்தை உடைத்து, மிச்சக் கண்ணாடியைச் சாக்கடை ஓரத்திலோ குப்பை மேட்டிலோ போட்டுவிட்டுப் போவார்கள். பெரம்பூரில் மட்டுமல்ல, எங்கள் ஊரிலும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. டியூபின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. எக்ஸ்ரே வெளியே வராமல் தடுக்கக் கலந்தது அது. ஒரு டிவிக்கு ஒரு கிலோவுக்கு மேலேகூட இருக்கும். திரையின் உட்பக்கம் பூசிய பொடியும் மூச்சில் போகக் கூடாதது. அந்தக் கண்ணாடியை மிதித்து விளையாடுவது தெருப் பிள்ளைகள்தான்.

முழு டிவியாக, உடைக்காமல், மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது, சென்னையைச் சுற்றியே பலர் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய பொருள்கள் முறையாக மறுசுழற்சிக்குப் போவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. புது டிவி வாங்கும்போது அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுப் பார்க்கலாம். பணம் குறைவாகத்தான் கிடைக்கும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. அதற்காக வேறு கைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆட்டோவிலோ காரிலோ எடுத்துப்போகும்போது பின்சீட்டில் ஒரு மெத்தையை விரித்து, திரை மெத்தையைப் பார்க்கப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். பாரம் அடியில் போய்விடுவதால் திருப்பத்தில் உருளாது. மேலே எதையும் வைக்க வேண்டாம். டியூபின் கழுத்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது.